கெல்லி ரத்தம்

எங்கள் பக்கத்தில் டேவிஸ் என்று கூப்பிட்டால் பாதிச் சந்தை திரும்பிப் பார்க்கும். அதனால் ஆளைப் பண்ணையின் பெயரை வைத்துத்தான் அழைப்போம். என் தாத்தா டேனியல் டேவிஸ் ஊருக்கு டான் கெல்லி. அப்பா டாம் கெல்லி. நாங்கள் தொழும் சேப்பல் கட்ட நிலம் கொடுத்தது கெல்லி பண்ணைதான். அந்தப் பண்ணையில் எங்களுக்கு ஒரு கைப்பிடி மண்கூடக் கிடையாது. ஆனாலும் தாத்தா அந்த வீட்டில் பிறந்த பிள்ளை என்றே எல்லோரும் நம்பியதால், "நாங்க கெல்லிக்காரங்க" என்று சொல்லும்போது அம்மாவின் கழுத்து ஓர் அங்குலம் நீளும்.

எழுபத்து மூன்றாம் வருடம் கெல்லி பண்ணைக்காரன் ஈவோர் நோயில் படுத்துவிட்டான். முதலில் கை ஆடியது, பிறகு கால், கடைசியில் பெண்டாட்டி பெயரே மறந்துபோனது. அவன் அப்பனுக்கும் இதே ஆட்டம் இருந்தது. ஊர் அதைக் குடி என்று சொல்லி மூடிவைத்திருந்தது. டாக்டர் மூடியைத் திறந்தார்: ரத்தத்தில் வரும் வியாதி, பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரலாம், நாற்பதுக்கு முன்னால் பெரும்பாலும் தெரியாது, மருந்து இல்லை.

அம்மாவின் பெருமை எங்கள் தலையில் இடியாக இறங்கியது. தாத்தா இளவயதில் முதல் உலகப் போரில் செத்தார். அப்பா முப்பத்தேழில் டிராக்டர் கவிழ்ந்து செத்தார். இருவருமே நோய் தெரியவரும் வயதுவரை இருக்கவில்லை. டாமின் கை அன்றைக்கே நடுங்கியதாம் என்று கடையில் பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்கள் என்று தெரிந்திருந்தால் பல்லைப் பெயர்த்திருப்பேன்.

என் தங்கை மெய்னிருக்கு ஈஸ்டரில் கல்யாணம் வைத்திருந்தோம். வெண்ணெய்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அதிகம் பேச மாட்டாள், பிடித்த பிடியையும் விட மாட்டாள். மாப்பிள்ளை குவிலிமின் அம்மா ஹானா, விஷயம் தெளியட்டும், அவசரம் என்ன என்று சொல்லியனுப்பினாள். மெய்னிர் மறுபேச்சுப் பேசாமல், தாத்தா நிஜமாகவே கெல்லி வீட்டுப் பிள்ளைதானா என்று தேடக் கிளம்பிவிட்டாள்.

நான் தடுத்தேன். எனக்கு ஏற்கெனவே இரண்டு பெண்கள். தெரிந்து என்ன செய்யப்போகிறோம் என்று கத்தினேன்.

"புள்ள பெத்துக்கலாமான்னு தெரிஞ்சுக்கணும், எம்ரிஸ். ஒனக்கு அது முடிஞ்சுபோன விஷயம். எனக்கு இல்ல."

அரைநாள் விடுப்பு கிடைத்தபோதெல்லாம் பஸ் ஏறி அபெரிஸ்ட்வித் ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். போகும்போதெல்லாம் செத்தவர்களைக் கிண்டாதே என்று அம்மா முணுமுணுப்பார். ஆனால் அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டவர் அம்மா ஒருவர்தான். நான் அதை நெஞ்சுரம் என்று நினைத்தேன்.

பிப்ரவரியில் ஞானஸ்நானப் பதிவு கிடைத்தது. 1888, டேனியல், ஈவன் டேவிஸ், அவர் மனைவி மார்கெட் ஆகியோரின் மகன், கெல்லி. வருடமும் பொருந்தியது, பெயரும் பொருந்தியது. மெய்னிர் நேராகக் குவிலிம் வீட்டுக்குப் போய் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். அவன் வாங்க மறுத்தான், அவன் அம்மா வாங்கிக்கொண்டாள். நான் என் பெண்கள் பால் குடிக்கும்போது அவர்களுடைய விரல்களைப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு தகப்பனுக்கு அதைவிடக் கொடுமை கிடையாது.

வேறொருத்தியாக இருந்தால் அதோடு விட்டிருப்பாள். இவள் தாத்தாவின் கல்யாணப் பதிவையும் பார்க்க வேண்டுமென்று வேறு சபையான ஊர்ச் சர்ச்சுக்குப் போனாள். சேப்பல்காரி இங்கே எங்கே வந்தாய் என்று கிண்டலடித்துக்கொண்டே பாதிரியார் பெட்டியைத் திறந்தார். டேனியல் டேவிஸ், பண்ணையாள், கெல்லி என்று இருந்தது. தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. கெல்லி வீட்டுப் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் எப்படி இல்லாமல் போகும்? அடக்கப் பதிவைப் புரட்டினாள். கெல்லியின் டேனியல் நான்கு வயதில் காய்ச்சலில் செத்திருந்தான்.

அன்று மாலை அவள் இதைச் சமையலறையில் சொன்னபோது நானும் இருந்தேன். அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அப்படியானால் நம் தாத்தா யார் என்று நான் கேட்டேன். கத்தி நிற்கவே இல்லை.

"ஏழை விடுதியிலேர்ந்து வேலைக்குக் கூட்டிட்டு வந்த பையன். அப்பன் பேர் தெரியாது. கல்யாணத்துக்கு முந்தியே மாமியார் எங்கிட்ட சொன்னாங்க."

மெய்னிர் அம்மாவின் எதிரே போய் நின்றாள். "நான் மோதிரத்தைக் கழட்டிக் குடுத்தப்ப ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஒனக்கு வேற மாப்பிள்ளை கெடைப்பான். போன பேரு திரும்ப வராது."

என் குழந்தைகள்கூடவா நினைவுக்கு வரவில்லை என்று கேட்டு மேசையை ஓங்கி அடித்தேன். அவர்களுக்குத்தான் ஒன்றும் இல்லையே, பிறகு எதற்குக் கவலை என்றார் அம்மா. பெற்றவளாக இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. வியாதி இல்லை என்று மட்டும் ஊருக்குச் சொல்லுங்கள், விடுதிப் பேச்சு வெளியே போனால் நான் பொய் என்று சொல்லிவிடுவேன் என்று அதற்கும் ஒரு நிபந்தனை போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சேப்பலில் ஆராதனை முடிந்து பின்கூடத்தில் தேநீர் வைத்தார்கள். அம்மா வழக்கம்போலக் கெட்டிலோடு நின்றார். மெய்னிர் எழுந்து, எல்லோரும் கேட்கும்படி, தன் தாத்தா கெல்லி ரத்தமில்லை, ஏழை விடுதியில் பிறந்த தகப்பனில்லாப் பிள்ளை என்றாள். இரண்டு டேனியல்கள் இருந்ததற்குச் சர்ச்சில் சான்று இருக்கிறது; தாத்தா விடுதியிலிருந்து வந்தவர் என்பதற்கு அம்மாவின் வாய்தான் சான்று. கல்யாணம் வேண்டும் என்கிற பெண்ணின் பேச்சை யார் நம்புவார்கள்? ஹானா அவளை ஏறிட்டும் பார்க்காமல் அம்மாவிடம் திரும்பினாள்.

"லிஸி, பொண்ணு சொல்றது நெசமா?"

அம்மா கெட்டிலைக் கீழே வைத்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மெய்னிரின் வாழ்க்கை அங்கேயே முடிந்துவிடும். அவருக்கும் அது தெரியும். முப்பது வருடமாக அவரைக் கெல்லிக்காரி என்று மரியாதை கொடுத்து முன்னால் விட்டவர்கள் அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நெசந்தான்," என்றார். "எனக்கு மொதல்லயே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே எம் பொண்ண அழவிட்டேன்."

குவிலிம் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தான். ஆனால் பிப்ரவரியிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாத என் தங்கை, அவனைத் தாண்டிப்போய் அம்மாவின் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள்.