மாடியில் இருந்த காப்பிப்பொடி

தையல்காரி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கை ஓடியது, கால்தான் ஓடவில்லை. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளைக் கவனிக்க அமர்த்தப்பட்டவள் நான். மடக்கிப் பழகாவிட்டால் முட்டி இறுகிவிடும், அப்புறம் தையல் மிஷினை மிதிக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் பிழைப்பே அந்த மிஷின்தான்.

"கொஞ்சம் நடம்மா" என்றால், "சாயங்காலம் பாக்கலாம்க்கா" என்பாள். சாயங்காலம் கேட்டால் காலைக்குத் தள்ளுவாள். உபதேசத்தால் எந்த முட்டியும் மடங்கி நான் பார்த்ததில்லை.

வழி கண்டுபிடித்தவளும் அவள்தான். ஒருநாள் காப்பிப்பொடி டப்பாவை என்னிடம் நீட்டினாள்.

"இதை மாடி வீட்டு டீச்சர்கிட்ட குடுத்துடுங்க. நான் கெஞ்சினாலும் கீழ அனுப்பக் கூடாது. காலுக்காக நான் எந்திரிக்க மாட்டேன்க்கா. காப்பின்னா எமலோகம் வரைக்கும் போவேன்."

மறுநாள் முதல் ஏறினாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுக்கால் முதலில். நான் ஒரு படி கீழே நின்று பிடித்துக்கொள்வேன். படி கட்டினவனைத் திட்டிக்கொண்டே போவாள். என் வேலையைப் பாதியாக்கிய நோயாளி அவள் ஒருத்திதான். அந்த நன்றி எனக்கு இன்னும் உண்டு.

ஒரு மழைக்காலையில் அவள் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். வீக்கமில்லை, சூடில்லை. வெறும் வலி. டீச்சர் மனசு கேட்காமல் டப்பாவோடு இறங்கி வந்துவிட்டார்.

"பாவம், மழையா இருக்கு. இன்னிக்கு ஒருநாள்தானே."

தையல்காரி மூடியைத் திறந்து முகர்ந்தாள். மூடிவிட்டாள்.

"டீச்சர், நீங்க ரொம்ப நல்லவங்க. அதான் தொல்லை. எடுத்துட்டுப் போங்க, நான் வரேன்."

"எப்போ?"

"தண்ணி கொதிக்கறதுக்குள்ள."

"அப்போ அடுப்பைச் சின்னதா வைக்கிறேன்."

அவள் படி ஏறி முடிப்பதற்குள் தண்ணீர் கொதித்து வற்றி, மறுபடி ஊற்றிக் கொதித்தது. மூவரும் குடித்தோம். இறங்கி வந்ததும் அவளை மிஷின் முன் உட்கார வைத்துப் பார்த்தேன். பாதம் மிதியில் முழுதாகப் பதிந்தது. பதினைந்து நிமிடம் வெறுமனே மிதித்தாள். நூல் கோக்கவில்லை.

அடுத்த நாள் காலை, காப்பி குடித்து இறங்கியவள் நேராக மிஷினில் உட்கார்ந்து டீச்சருக்கு ஒரு தலையணை உறை தைத்தாள். ஓரம் கொஞ்சம் கோணல். சூடு ஆறுவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதுபோல அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். அன்றைக்கு அது இரண்டாவது ஏற்றம். அவள் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.