ஹோபர்ட்டின் கால் வீக்கம்

கென்ட்ரா காடிலிடம் இரண்டு பட்டங்கள் இருக்கின்றன. உயிரியலில் ஒன்று, வரலாற்றில் ஒன்று. இரண்டும் வீட்டில் எந்த மூலையில் கிடக்கின்றன என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. லெக்சிங்டனில் கல்லூரிக் காலம் முழுக்க அவளோடு ஒரே அறையில் குடியிருந்த பாவத்துக்கு, அவற்றை அவள் என்ன பாடுபட்டு வாங்கினாள் என்பது எனக்குத் தெரியும்.

இங்கே டாக்டராக வேண்டுமென்றால் முதலில் ஏதாவது ஒரு பட்டம் வாங்க வேண்டும். அதற்குள்ளேயே மருத்துவக் கல்லூரி கேட்கிற வேதியியல், இயற்பியல் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாமல் படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும். ஒரு மனுஷிக்கு இது போதாதா? போதாது என்றார் அவளுடைய ஆலோசகர். "உயிரியல் எல்லாருந்தான் படிக்கிறாங்க. நீ தனியாத் தெரிய வேண்டாமா?" மகராசன், சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டார். இவள் வரலாற்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அன்றோடு எங்கள் அறை நாசமாய்ப் போயிற்று. கண்ணாடியில், ஃபிரிட்ஜில், கக்கூஸ் கதவில், எங்கே பார்த்தாலும் மனப்பாட அட்டைகள். நான் ஒரு தும்மல் தும்மினால் அதற்கு நாலு காரணம் சொல்லுவாள். டாக்டர் படிப்புக்குத் தயாராகிற ப்ரீ-மெட் கும்பலுக்கே உள்ள சீக்கு இது. நாலு அட்டை படித்ததும் கண்ணில் படுகிறவனுக்கெல்லாம் நோய் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"ஒண்ணை விட்டுத் தொலையேன்டி. வரலாறு வேணும்னு யாரு அழுதா?" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

"எங்கப்பா சர்ச் பூரா சொல்லி வெச்சிருக்காருடி, என் மவ ரெண்டு பட்டம் வாங்கப்போறான்னு. இப்பப் போயி ஒண்ணுதான்னு சொன்னா அந்த மனுஷன் மூஞ்சி என்னாவும்?"

அப்பா வெர்லின், மலைப்பக்கத்துச் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவர். தாயில்லாப் பிள்ளையைத் தனியாளாக வளர்த்தார். நெஞ்சு நிறைய நிலக்கரித் தூசி. கென்ட்ரா நுரையீரல் டாக்டராக ஆசைப்பட்டதே அவருக்காகத்தான். ஆனால் அந்த இலையுதிர் காலம் முழுவதும் அவள் ஊர்ப்பக்கமே போகவில்லை. வகுப்பு, ஆய்வகம், ஆஸ்பத்திரி, வரலாற்றுக்கு ஓர் ஆய்வேடு. எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் வரும். "பழைய இருமல்தான் பாப்பா, நீ படி" என்று வைத்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் பரீட்சை. நான் பக்கத்தில் உட்கார்ந்து நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தேன்.

"பாப்பா, தொந்தரவு பண்றனா?"

"இல்லப்பா, சொல்லு."

"ஒண்ணுமில்ல. நம்ம பக்கத்து வீட்டு ஹோபர்ட் இருக்கான்ல, என்கூட சுரங்கத்துல கெடந்தவன். அவனுக்கு ரெண்டு காலும் வீங்கிப்போச்சு. படுத்தா மூச்சு முட்டுதாம், நாற்காலியிலதான் தூங்குறான். அது எதனால?"

கென்ட்ராவின் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாள் பரீட்சைக்கே அந்தப் பாடம்தான்.

"வீக்கத்தை அமுக்கினா குழி விழுதா?"

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. "ஆமா பாப்பா. விழுது."

"அப்ப சந்தேகமே இல்லப்பா. தூசி நுரையீரலை அடைச்சுட்டா இதயத்தோட வலது பக்கம் ரத்தத்தைத் தள்ள முடியாம திணறும். தண்ணியெல்லாம் காலுக்கு எறங்கிடும். கடைசிக் கட்டம் அது."

"மருந்து கிருந்து ஒண்ணும் இல்லையா?"

"தண்ணி வடிய மாத்திரை குடுப்பாங்க. கெட்டுப்போன நுரையீரல் திரும்பியா வரப்போவுது? பெருசா ஒண்ணும் பண்றதுக்கில்லப்பா. நோவாம பாத்துக்கச் சொல்லு."

"என் தங்கமே, புஸ்தகத்தைப் பாக்காமலே புட்டுப் புட்டு வெச்சுட்டியே!" என்றார். அந்தக் குரலில் நிஜமான சந்தோஷம் இருந்தது.

அந்தப் பரீட்சையில் வகுப்பிலேயே அவள்தான் முதல். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் அவள் தலையைக் கொடுத்திருந்தபோது, ஹோபர்ட் போன் பண்ணினார். வெர்லின் நாற்காலியிலேயே போய்விட்டார்.

நான்தான் காரோட்டிக்கொண்டு கூடப் போனேன். மலைச்சரிவில் அடக்கம் முடிந்து, சர்ச்சின் கீழறையில் பீன்ஸும் சோளரொட்டியும் பரிமாறினார்கள். பெட்டியைத் தூக்கியவர்களில் ஹோபர்ட்டும் ஒருவர். எழுபதைத் தாண்டிய கிழவர், அந்த ஏற்றத்தில் எங்கும் நின்று மூச்சு வாங்கவில்லை. கென்ட்ரா அவருடைய பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கால் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"என் காலுக்கு என்னம்மா?"

"வீங்கியிருந்துச்சே. அப்பா சொன்னாரு."

"எனக்கா? நான் கல்லு மாதிரி இருக்கேன். வீங்குனது உங்கப்பனுக்குத்தானம்மா."

கென்ட்ராவின் கையிலிருந்த தட்டு அப்படியே சாய்ந்தது. நான் பிடித்துக்கொண்டேன். அவள் அப்பனுக்காக அழப்போகிறாள் என்று நினைத்து, தேற்றுகிற மாதிரி கிழவர் அவள் தோளைத் தொட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாடான்னு வண்டியை வாசல்ல கொண்டாந்து நிறுத்துனேம்மா. ஏறவே மாட்டேன்னுட்டான். 'என் மவ சொல்லிட்டா, ஒண்ணும் பண்றதுக்கில்லன்னு. அவளுக்கு மேல இவனுங்க என்னத்தக் கிழிச்சிடப் போறானுங்க'ன்னான். உன் மேல அம்புட்டு நம்பிக்கை அவனுக்கு."

மே மாதம் பட்டமளிப்புக்கு சர்ச்சே ஒரு வேன் பிடித்துக்கொண்டு வந்தது. இரண்டு பட்டத்துக்கும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மருத்துவக் கல்லூரி எதற்கும் அவள் விண்ணப்பிக்கவில்லை. இப்போது ஊரிலேயே ஒரு மரக்கடையில் வேலை பார்க்கிறாள். போனில் பேசும்போது நான் தெரியாமல் ஒரு தும்மல் தும்மிவிட்டால் போதும், "போயி டாக்டரைப் பாருடி" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள்.