வீட்டோடு வந்த அக்கா

பூந்தமல்லியில் அந்த வீட்டை வாங்கியபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அறுபதுகளின் கடைசி. என் கணவருக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. அவருடைய அண்ணனுக்கும் அங்கேதான். அண்ணனுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸில் அவர் குடும்பத்தோடு நாங்களும் ஒண்டிக்கொண்டிருந்தோம். சின்ன வீடு, நிறைய பிள்ளைகள். நானும் அவரும் ஏதாவது பேச வேண்டுமென்றால் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில்தான் பேசிக்கொள்வோம். அப்படி ஒரு நாள் கத்தரிக்காயைப் பையில் போட்டுக்கொண்டே, "குமணன்சாவடி பக்கத்துல ஒரு பழைய வீடு விலைக்கு வருதாம். பாத்துட்டு வருவமா?" என்றார். அவர் கேட்ட விதத்திலேயே அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்று தெரிந்தது.

ஓட்டு வீடு. முன்னால் ஒரு கூடம், அதை ஒட்டி ஓர் அறை, பின்னால் சமையலறை, கொல்லையில் கிணறு. பல வருஷமாக யாரும் கவனிக்காத வீடு. ஓட்டுக்கு நடுவில் ஆகாயம் தெரிந்தது. சுவரில் கை வைத்தால் காரை உதிர்ந்து கையோடு வந்தது. சமையலறைக்குப் பின்னால், கிணற்றைப் பார்த்தபடி இன்னொரு சின்ன அறை இருந்தது. அதன் கதவில் ஒரு புடவை காய்ந்துகொண்டிருந்தது.

"அதுல ஒரு பொம்பள குடியிருக்குது. ஒரு மாசத்துல காலி பண்ணிக்கும்" என்றார் வீட்டை விற்றவர்.

எங்கள் கைக்கு எட்டியது அந்த வீடுதான். ஆள் வைத்து வேலை செய்ய வழியில்லை. நாமே செய்துகொள்ளலாம் என்று என் கணவர் சொன்னார். இரண்டு பேருக்கும் செங்கல் எது, சுண்ணாம்பு எது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

குடிவந்த அன்று காலையில் கிணற்றடியில் எங்களுக்காக ஒரு குடம் தண்ணீர் இறைத்து வைக்கப்பட்டிருந்தது. பின்னறையிலிருந்து அந்த அக்கா எட்டிப் பார்த்தாள். நாற்பது வயது இருக்கும். கறுத்து, நல்ல உயரமாக, முழங்காலுக்குக் கீழே நெல் தூசி அப்பிய காலோடு நின்றாள். பக்கத்து ரைஸ் மில்லில் நெல் காயவைக்கிற வேலை அவளுக்கு.

"வந்துட்டீங்களா? கயிறு நைஞ்சு கீது, பாத்து இழு பொண்ணு" என்றாள்.

சின்ன வயதில் அம்மாவோடு அந்த அறைக்கு வந்தவள். நடுவில் ஒரு கல்யாணம் நடந்து ஒரு வருஷத்துக்குள் திரும்பி வந்துவிட்டாள். அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருந்தாள். இதெல்லாம் அக்கம்பக்கத்தில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளாக அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அந்த அறையை இடித்துவிட்டு அங்கே குளியலறை கட்டுவது எங்கள் திட்டம். அதுவரை நான் ஓலைத் தட்டி மறைவில்தான் குளிக்க வேண்டும். அதனால் மாதம் பிறந்ததும் என் கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு போய், "எப்பங்க காலி பண்ணுறீங்க?" என்று கேட்பார். "எடம் பாத்துக்கினுதான் கீறேன் நைனா" என்பாள் அவள். கேட்டவர் வெறுங்கையோடு திரும்பி வருவார். அவருக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியாது. எனக்கும்தான்.

வேலையைக் கூரையிலிருந்து ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மேலே ஏறி ஓடுகளைப் பிரித்துக் கொடுப்பார். நான் கீழே நின்று வாங்கி, கிணற்றடியில் தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்துக் கழுவி, நல்லதையும் உடைந்ததையும் தனித்தனியாக அடுக்குவேன். கூடத்தில் வேலை நடந்தால் அறையில் படுப்போம். அறையில் நடந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வருவோம். எதை எவ்வளவு மூடி வைத்தாலும் சோற்றில் மண் இருக்கும். சாப்பிடும்போது யார் பல்லிலாவது நறுக்கென்று சத்தம் கேட்கும். முதலில் அவர் சங்கடப்பட்டுக்கொண்டு அப்படியே விழுங்கிவிடுவார். பிறகு பிறகு, அந்தச் சத்தம் கேட்டதும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தோம். குவார்ட்டர்ஸில் இருந்த மாதங்களில் அவர் சிரித்து நான் பார்த்ததாக நினைவில்லை.

சிமெண்டுக்குப் பர்மிட் வாங்க வேண்டியிருந்த காலம் அது. அதனால் சுண்ணாம்புதான். கொல்லையில் குழி வெட்டி, சுட்ட கிளிஞ்சலைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் உலை மாதிரிக் கொதிக்கும். என் கையெல்லாம் வெடித்துவிட்டது. சாயங்காலம் அவர் ஃபாக்டரியிலிருந்து வந்ததும், கேட்காமலேயே தேங்காயெண்ணெயை எடுத்துவந்து என் விரல்களுக்கு ஒவ்வொன்றாகத் தடவிவிடுவார். ஜன்னலுக்கு எந்த வர்ணம் அடிப்பது என்று மட்டும் கேட்பார். நான் பச்சை என்பேன். மறுநாளும் அதையே கேட்பார்.

சமையலறைச் சுவரில் பழைய காரையையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, புதுப் பூச்சு பூசுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மண் சாந்தில் கட்டிய சுவர். தண்ணீர் உள்ளே இறங்குவது எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் மத்தியானம், குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. யாரோ மூட்டையிலிருந்து மணலைக் கொட்டுவது மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். சுவர் மெதுவாக வெளிப்பக்கம் சாய்ந்து, அப்படியே போய்விட்டது. சுவர் இருந்த இடத்தில் பக்கத்து வீட்டுக் கொய்யா மரமும் மழையும் தெரிந்தன. நான் கையில் கரண்டியோடு நின்றிருந்தேன். குழம்பு கொதித்துக்கொண்டே இருந்தது.

மழையென்று மில்லில் வேலை இல்லாததால் அக்கா அறையில்தான் இருந்தாள். இடிந்த செங்கல் குவியல் மேல் ஏறி உள்ளே வந்து என் தோளைப் பிடித்தாள். "அடி எதுனா பட்டுச்சா? அய்ய, வாயத் தொறந்து சொல்லு பொண்ணு!"

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அது பயத்தால் வந்த அழுகை இல்லை. அந்தச் சுவரை நாங்கள் இரண்டு பேரும் எத்தனை சாயங்காலம் உட்கார்ந்து சுரண்டியிருப்போம்! அவள் அடுப்பை அணைத்துவிட்டு, குழம்புச் சட்டியை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு தன் அறைக்குக் கூட்டிப்போனாள். அவளுடைய புடவை ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னாள். கருப்பட்டி போட்டுச் சூடாகக் காபி கொடுத்தாள். எனக்குத் தெரியாமலே என் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் என் கணவர் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தார். சுவர் இல்லை. உள்ளே நானும் இல்லை. அவர் என் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. அதுவரை அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே கிடையாது. "இந்தா" என்பார், அவ்வளவுதான். அந்தக் குரல் யாருடையது என்று எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. நான் எழுந்து பதில் சொல்வதற்குள் அக்கா வாசலுக்குப் போய்விட்டாள்.

"இங்க வா நைனா. உன் பொண்டாட்டி பத்திரமா கீறா."

அவர் அந்த அறையின் வாசலில் நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. போன மாதமும் காலி பண்ணச் சொல்லிக் கேட்ட வாசல் அது. உள்ளே வரலாமா என்று தயங்கினார். "குந்து. கொழம்பு கீது. சோறு நான் ஆக்கிட்டேன்" என்றாள் அவள். அதற்குப் பிறகு காலி பண்ணுகிற பேச்சை நாங்கள் எடுக்கவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க என் சமையல் அவள் அறையில்தான் நடந்தது.

இந்தச் சுவரை நாங்களே கட்ட முடியாது என்பது மட்டும் தெளிவாகிவிட்டது. மழை விட்டதும் குத்தம்பாக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். ஐம்பதை நெருங்கிய மனிதர். மனைவி இறந்துவிட்டாள், ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. சாமான்களைக் கோணிப்பையில் சுற்றிச் சைக்கிளில் கொண்டுவருவார். சித்தாள் வேலை எங்களுடையது என்று பேச்சு. நான் செங்கல் சுமந்தேன். இரண்டாம் நாள் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்கா என்னை நிறுத்தினாள்.

"நீ தூக்காத. உனுக்கு நாள் தள்ளிப் போயிருக்குதா?"

நான் யோசித்துப் பார்த்துவிட்டு ஆமாம் என்றேன். "மூஞ்சப் பாத்தாலே தெரியுது. அப்பால போ" என்று சொல்லி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே செங்கல் சட்டியை எடுத்தாள். அன்று முதல் காலையில் மில்லுக்குப் போகும் முன்னாலும் சாயங்காலம் வந்த பிறகும் செங்கலும் சாந்தும் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

சுவர் எழும்பியது. பூசியும் ஆயிற்று. மேஸ்திரி போகிற வழியாக இல்லை. "தண்ணி உட்டுக்கினே இருக்கணும் சார், இல்லாங்காட்டி வெடிச்சிரும்" என்று தினமும் வந்து சுவரை நனைத்தார். அது காய்ந்த பிறகு ஜன்னல் கட்டையில் கரையான் இருப்பதாகக் கண்டுபிடித்தார். கரையான் தீர்ந்ததும் கூடத்துத் தரை சரிவாக இருக்கிறது என்றார். கூலியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "இந்த மேஸ்திரி நம்ம வீட்ட விட்டுப் போகவே மாட்டாரு போலிருக்கே" என்று என் கணவர் குழம்பினார்.

எனக்கு அவர் சட்டையைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது. சாந்து குழைக்க வருகிறவர், பெட்டி போட்டுத் தேய்த்த சட்டையில் வந்தார். வந்ததும் அதைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் பழைய பனியனோடு வேலை செய்வார். அக்கா மில்லிலிருந்து வருகிற நேரத்துக்கு மறுபடி கை கால் கழுவிச் சட்டையைப் போட்டுக்கொள்வார். அவளும் அவருக்கு டீ கொண்டுவந்து வைப்பாள். இருவரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் கூடத்துச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தோம். மேஸ்திரி உள்ளே வந்தார். கையில் சாமான் பை இல்லை. ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் இருந்தன.

"இன்னைக்கு வேலை இல்லையே மேஸ்திரி" என்றார் என் கணவர்.

"வேலைக்கு வரல சார். ஒண்ணு கேக்கணும்." அவர் தரையைப் பார்த்தார். "அந்தம்மாவை நான் கட்டிக்கலாம்னு கீறேன். அதுகிட்ட கேட்டேன். எங்க ஊட்டுல போயிக் கேளுன்னு சொல்லிச்சு."

"அவங்க வீடு எங்க இருக்கு? அம்மாவும் இல்லன்னு அக்கம்பக்கத்துல சொன்னாங்களே" என்றார் இவர்.

"இந்த ஊடுதான் சார்."

என் கணவர் கையில் வெள்ளையடிக்கிற மட்டை இருந்தது. அதிலிருந்து சுண்ணாம்பு அவர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். எனக்குக் கண் மங்கிவிட்டது. அவருக்கு அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. மட்டையை வாளியில் போட்டார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். பாயை விரித்து மேஸ்திரியை உட்காரச் சொல்லி, தானும் எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய தங்கையைப் பெண்பார்க்க வந்தபோது அவர் அப்பா எப்படி உட்கார்ந்திருப்பாரோ, அப்படி.

"உங்க மகளுக்குச் சம்மதமா?"

"அதுதான் தேச்ச சட்டை போட்டுக்கினு போன்னு சொல்லிச்சு."

"குடிப் பழக்கம் இருக்கா?"

"எப்பனா, பண்டிகை நாள்ல..."

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "பொய்யி! சனிக்கெழமை சனிக்கெழமை குடிக்குது. கேளு நைனா, நல்லா கேளு!"

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு, "உட்டுடறேன்" என்றார். கதவுக்குப் பின்னால் சத்தமில்லை. என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெற்றிலை பாக்கை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

கல்யாணம் எங்கள் கூடத்தில்தான் நடந்தது. குடியிருந்துகொண்டே வேலை செய்ததால் அந்த வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் என்று ஒன்று நாங்கள் செய்யவே இல்லை. அங்கே நடந்த முதல் சுபகாரியம் அதுதான். மில்லிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். மேஸ்திரியின் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். என் கணவர் அவளுக்குத் தம்பி முறையில் நின்று புடவையும் மாலையும் எடுத்துக் கொடுத்தார். வெள்ளையடித்த சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் போகும்போது முதுகு வெளுத்துப் போனார்கள்.

சாயங்காலம் அவள் தன் அறையைப் பெருக்கி, தட்டுமுட்டுச் சாமானை ஒரு மூட்டையாகக் கட்டினாள். மேஸ்திரி அதைச் சைக்கிளில் ஏற்றினார். அவள் என் வயிற்றில் கை வைத்து, "மாசம் நெறஞ்சா ஆளனுப்பு. வந்துடறேன்" என்றாள். காலி பண்ணுங்கள் என்று அத்தனை மாதம் கேட்ட அறை காலியாகிவிட்டது. நான் அதன் வாசலில் நின்று அழுதேன். என் கணவர் பக்கத்தில் வந்து நின்றார். "குளியலறைய அந்தப் பக்கமாக் கட்டிக்குவோம்" என்றார். கிணற்றுக்கு அந்தண்டை இருந்த காலி இடத்தைக் காட்டினார். அப்படியே செய்தோம்.

சித்திரையில் அதைக் கட்ட ஆரம்பித்து ஆனியில் முடித்தோம். இந்த முறை அவரே சுவர் வைத்தார். கொஞ்சம் கோணல்தான், ஆனால் நின்றது. ஊரிலிருந்து என் அம்மா வந்து சேருவதற்கு முன்னாலேயே எனக்கு வலி எடுத்துவிட்டது. குத்தம்பாக்கத்துக்கு ஆள் போய், அக்கா வந்து, ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த பெஞ்சின் ஓரத்தில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். பெண் பிறந்தது. குழந்தையை முதலில் கையில் வாங்கியவளும் அவள்தான். வெளியே நின்ற என் கணவரிடம் கொண்டுபோய்க் காட்டி, "பாரு நைனா, உன் மூக்கு" என்றாளாம்.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். மேஸ்திரி வந்ததும் உட்கார மாட்டார். ஒவ்வொரு அறையாகப் போய் விரலை மடக்கிச் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்பார். அக்கா சமையலறையிலிருந்து, "நல்ல நாளும் அதுவுமா சொவத்தத் தட்டிக்கினு கீறியே, வந்து துன்னு" என்று சத்தம் போடுவாள். அவர் எங்காவது ஓரிடத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இங்க கொஞ்சம் ஈரம் கீது சார். அடுத்த ஞாயித்துக்கெழம வரேன்" என்பார். சொன்னபடி வந்துவிடுவார், அக்காவையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு.