நான் வெட்டிய நாலாவது காரணம்

மாகாண மாணவர் ஒன்றியத்துக்கு நான் செயலாளராக இருந்த இரண்டு வருடத்தில் என் கைத்தொலைபேசி ஓய்ந்து கிடந்த நாள் இல்லை. முல்லைத்தீவிலிருந்து ஒருத்தி, விடுதியில் இடமில்லை என்று எடுப்பாள். மன்னாரிலிருந்து ஒருவன், படிப்பை நடுவில் விட்டவன் திரும்பச் சேரலாமா என்று கேட்பான். கிளிநொச்சி, வவுனியா, எங்கள் யாழ்ப்பாணம் என்று ஐந்து மாவட்டமும் அந்தப் போனுக்குள் இருந்தது. இதில் ஒருவராவது "சாப்பிட்டியா" என்று கேட்க எடுத்ததாக ஞாபகம் இல்லை. குறை சொல்லவில்லை. வீட்டில் குழாய் உடைந்தால் குழாய்க்காரனைக் கூப்பிடுகிறோம். அவனுடைய சுகத்தை விசாரிக்கவா கூப்பிடுகிறோம்?

ஒன்றியம் என்றதும் கட்டடம், பெயர்ப்பலகை, மின்விசிறி என்று நினைக்க வேண்டாம். மருதனார்மடச் சந்தைக்குப் பின்னால் ஒரு ரியூசன் கொட்டில் இருந்தது. வகுப்பு இல்லாத நேரத்தில் அதைத் தருவார்கள். சந்தையில் வாழைக்குலைக்கு விலை கூறும் சத்தத்துக்கு மேலால் கத்தித்தான் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். தொடங்கும்போது நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர். ஒருவன் கனடாவுக்குப் போனான், ஒருத்திக்குக் கலியாணம் முற்றாகியது, ஒருவனுக்கு வேலை கிடைத்தது, மற்றவர்கள் காரணம் சொல்லாமலே காணாமல் போனார்கள். இரண்டாம் வருடத்தில் பல கூட்டங்களின் அறிக்கையில் "சமூகமளித்தோர்: இருவர்" என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஒருத்தி நான். மற்றவள் என் சிநேகிதி.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் குடும்பம். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் வடக்கிலிருந்து வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போனவர்கள். இவள் பிறந்ததே அங்கேதான். தகப்பன் திரும்பி வந்து பழைய இடத்தில் கடை போட்டுவிட்டார். தாயும் சகோதரங்களும் இன்னும் புத்தளத்தில். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறிப் போவாள், திங்கட்கிழமை வந்து சேர மதியமாகிவிடும். அதனால் ஒவ்வொரு திங்களும் இரண்டு விரிவுரை போய்விடும். எங்கள் கம்பஸில் எண்பது வீத வரவு இல்லாவிட்டால் சோதினை எழுத விடமாட்டார்கள். அந்த முறை எழுதாமல் விட்டால் அடுத்த வருடம் எழுதலாம்தான், ஆனால் எத்தனை புள்ளி எடுத்தாலும் சாதாரண சித்தி, வெறும் பாஸ்தான் போடுவார்கள். முதல் வகுப்பு என்ற கதைக்கே இடமில்லை. கம்பஸிலேயே விரிவுரையாளராக வர வேண்டுமென்றால் முதல் வகுப்பு வேண்டும். அவளுக்கும் அந்த ஆசை இருந்தது. எனக்கு அது ஆசையில்லை, வெறி. பண்டத்தரிப்பில் வெங்காயம் நட்ட அப்பாவின் பிள்ளை, அதே கம்பஸில் மேடையில் ஏறி நின்று படிப்பிக்க வேண்டும்.

அவளுக்காகத்தான் அந்த மனுவை எழுதத் தொடங்கினோம். எழுத எழுத, அவளைப்போல எத்தனை பேர் என்று தெரிந்தது. மாகாணத்தில் உள்ள உயர்கல்வி நிலையங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மனு. நியாயமான காரணம் இருந்தால் வரவு குறைந்தவர்களையும் எழுத விடுங்கள் என்பது கோரிக்கை. காரணங்கள் நாலு. தூரத்திலிருந்து வந்து போவது, குடும்பத்தில் நோயாளரைப் பராமரிப்பது, வீட்டுக்கு உழைக்க வேலைக்குப் போவது, நாலாவது மாணவர் பிரதிநிதியாக வேலை செய்வது. நாலாவதைச் சேர்த்தவள் என் சிநேகிதி. கூட்டத்துக்கென்று நான் வவுனியாவுக்குப் போய்வரவே ஒரு முழுநாள் போய்விடுகிறது என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் எங்களைக் கூப்பிட்டது எங்கள் கம்பஸ்தான். நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நாங்கள் இருவர். நடுவில் இருந்த பேராசிரியர் நல்ல மனிதர். மனுவை ஆறுதலாக வாசித்தார். மூன்றாவது காரணம் வரைக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். நாலாவதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாலாவது உங்களுக்கோ பிள்ளை?"

நக்கலாகக் கேட்டாரா, தெரிந்துகொள்ளக் கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பக்கத்திலிருந்தவர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புப் போதும் எனக்கு. எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சுடும், பிறகு வாய் நிற்காது.

"எங்களுக்கெண்டு ஒண்டும் வேண்டாம் சேர்" என்றேன். மேசையில் கிடந்த அவருடைய பேனையையே எடுத்து நாலாவது வரிக்கு மேல் ஒரு கோடு இழுத்தேன். சிநேகிதி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். நான் பக்கத்தில் கையொப்பமும் வைத்தேன். நிர்வாகக் குழுவைக் கேட்கவில்லை, கேட்பதற்குக் குழுவும் இல்லை. வெளியே வரும்போது எனக்கு மண்டைக்குள் நாதஸ்வரம் வாசித்த மாதிரி இருந்தது. என்ன ஒரு தியாகி நான் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

அடுத்த மாதமே கம்பஸ் சம்மதித்துவிட்டது. மூன்று காரணத்துக்கு மூன்று பெட்டி, சரியானதில் புள்ளடி போடும் ஒரு படிவம். அந்தப் படிவத்தை அமைத்துக் கொடுத்ததும் நான்தான். கண்ட கண்ட சாட்டோடு எவரும் வரக்கூடாது என்று "வேறு" என்ற பெட்டியை வேண்டுமென்றே வைக்காமல் விட்டேன். வாட்ஸப் குழுவில் வாழ்த்து மழை. கை கூப்பும் படம், பட்டாசுப் படம், யாரோ கேக் படம்கூடப் போட்டார்கள். அன்று பின்னேரம் மருதனார்மடத்தில் இறங்கி, கொட்டில் பூட்டியிருக்க, சந்தை வாசலில் தனியாக நின்று ஒரு பிளேன்ரீ குடித்தேன். சந்தோஷம்தான். ஆனால் அதைச் சொல்லப் பக்கத்தில் ஒரு சனம் இல்லை.

சோதினைக்குத் தகுதியானவர்களின் பட்டியல் பலகையில் ஒட்டப்பட்டபோது நான் என் இலக்கத்தைத் தேடவே இல்லை. படிவம் கொடுத்த மற்றவர்களின் இலக்கங்களைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி போட்டுக்கொண்டிருந்தேன். பதினொரு பேர், பதினொன்றும் இருந்தது. சிநேகிதியின் இலக்கமும் இருந்தது. அவள்தான் என் தோளைப் பிடித்து, "உன்ட நம்பர் எங்க?" என்று கேட்டாள். அவளுடைய பேச்சு பாதி புத்தளம், பாதி யாழ்ப்பாணம்.

என் வரவு எழுபத்தொரு வீதம். ஊரிலுள்ள எல்லோருடைய வரவையும் கொப்பியில் எழுதி வைத்துப் பார்த்த நான், என்னுடையதை ஒரு நாளும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்று தோன்றவுமில்லை. அது எனக்கு நடக்காது என்று நினைத்தேன்.

"அன்னைக்கே காலை மிதிச்சன் தானே" என்றாள். அழுதுகொண்டு சொன்னாள், கோபத்தோடும் சொன்னாள். "உன்ட பெருமைக்கு வெட்டினாய். எனக்காகவா வெட்டினாய்?"

எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "நீ எழுதலாம் தானே, பேந்தென்ன?" என்றேன். சொன்ன உடனேயே அதைத் திரும்ப விழுங்க முடியாதா என்றிருந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் கதை குறைந்துவிட்டது.

பேராசிரியரிடம் போனேன். அவர் என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு வெறும் படிவத்தை என் முன்னால் வைத்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ளை உம்மடை பேரிலையும் ஒண்டு தாரும். மூண்டிலை ஒண்டு இருந்தால் சரி. நாங்கள் துருவித் துருவிக் கேக்க மாட்டம்."

மூன்றில் ஒன்று. பஸ்ஸில் வரும்போது மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பண்டத்தரிப்பு தூரமில்லை. நான் வேலைக்குப் போகவில்லை. மிச்சம் இரண்டாவது பெட்டி. அதற்கு என்னிடம் காரணம் இருந்தது. அந்தத் தவணையில்தான் அப்பாவுக்குப் பெரியாஸ்பத்திரியில் கண்ணில் வெண்புரை எடுத்தார்கள். கிளினிக் கொப்பி வீட்டில் இருக்கிறது, திகதி, முத்திரை எல்லாம் சரியாக இருக்கும். ஒப்பரேசன் நடந்த அன்று நான் வவுனியாவில் கூட்டத்தில் இருந்தேன் என்பது மட்டும் அதில் இருக்காது.

அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. நடந்ததை முழுக்கச் சொன்னேன். அம்மாவுக்கு வீதமும் படிவமும் விளங்கியதோ தெரியாது, சோதினை எழுத முடியாது என்பது விளங்கியது. கையைத் துடைத்துவிட்டு அலுமாரியிலிருந்து கொப்பியை எடுத்து வந்து தந்தா.

"கொண்டுபோய்க் குடு. ஆஸ்பத்திரியிலை நீ நிண்டனீ எண்டே எழுது. அப்பாவும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருக்கிறார்."

எனக்கு விளங்கவில்லை.

"அண்டைக்கு வாட்டுக்குள்ளை ஒராளைத்தான் விட்டவை. ஒரு கண்ணிலை கட்டு, மற்றக் கண்ணும் மங்கல். பிள்ளை வரேல்லையோ, பிள்ளை வரேல்லையோ எண்டு அரிச்செடுத்திட்டார். வெளியிலை நிக்கிறாள் எண்டு நான் சொல்லிப்போட்டன். வேறை என்ன செய்ய? பேந்து ரீயும் பணிசும் குடுத்தவை. பணிசைத் தொடேல்லை. இதைப் பிள்ளைக்குக் கொண்டுபோய்க் குடு, விடியத் தொடக்கம் நிக்கிறாள் எண்டார். நான் கொண்டுபோய் வெளியிலை கொஞ்ச நேரம் நிண்டிட்டு, பைக்குள்ளை வைச்சிட்டுத் திரும்பி வந்தன். சாப்பிட்டவளோ எண்டு கேட்டார். ஓம் எண்டன். அதுக்குப் பிறகுதான் படுத்தவர்."

அம்மா இதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மிச்சத் தேங்காயைத் துருவப் போய்விட்டா. நான் கொப்பியை வைத்துக்கொண்டு குசினிக் கதவு நிலையில் நின்றேன். அன்றைக்கு எனக்கு வவுனியாவில் மத்தியானம் சோற்றுப் பார்சல் தந்தார்கள். கறி சரியில்லை என்று குறை சொன்னது ஞாபகம் வந்தது.

படிவத்தை நான் கொடுக்கவில்லை. இதை நேர்மை என்று யாரும் எழுதி வைத்துவிட வேண்டாம். நேர்மையாக இருந்தால் நான் போய் அப்பாவிடம் உண்மையைச் சொல்லியிருப்பேன். எனக்கு வெட்கம், அவ்வளவுதான். படுத்திருந்த மனிதரைச் சமாதானப்படுத்த அம்மா சொன்ன பொய்யை, முத்திரையோடு கம்பஸ் கந்தோருக்கு அனுப்ப எனக்குக் கை வரவில்லை. அம்மா என்னோடு இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வெள்ளிக்கிழமை போனது. முதல் வகுப்பும் அதோடு போனது.

சோதினை தொடங்கிய திங்கட்கிழமை அப்பாவுக்குக் கண் கிளினிக் இருந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னா. உண்மையோ, எனக்காகச் சொன்னாவோ தெரியாது. நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

"உனக்குச் சோதினை எல்லோ?" என்றார் அப்பா.

"இண்டைக்கு எனக்கு இல்லை அப்பா."

விடிய முதல் பஸ்ஸில் போனோம். அப்பா வெள்ளை வேட்டியும் கறுப்புக் கண்ணாடியும். ஆஸ்பத்திரி வாசலில் போன் ஒருமுறை அதிர்ந்தது. சிநேகிதி. "உள்ள போறன்" என்று மட்டும் எழுதியிருந்தாள். "வடிவாச் செய்" என்று எழுதினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் போனை வெளியே வைத்துவிட்டு மண்டபத்துக்குள் போயிருப்பார்கள். குழுவில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு வருடத்தில் முதல்முறையாக, ஐந்து மாவட்டத்திலும் ஒருவருக்கும் நான் தேவைப்படவில்லை.

அப்பாவின் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். நானும் எழும்பி அவருடைய கையைப் பிடித்தேன். வெண்புரை எடுத்த பிறகு அவருக்கு நல்ல பார்வை. ஒரு படிக்கட்டுக்கும் என் கை தேவையில்லை. அவர் கையை மெல்ல விடுவித்தார்.

"நான் போவன். நீ அண்டைக்கு இருந்த இடத்திலையே இரு பிள்ளை. முடிச்சிட்டு அங்கை வாறன்."

"ஓம் அப்பா" என்றேன்.

கதவைச் சாத்தினார்கள். திரும்பிப் பார்த்தேன். அந்த விறாந்தையில் சுவரோரமாக ஆட்கள் இருக்க மூன்று வாங்குகள் போட்டிருந்தன. நான் அன்றைக்கு எதில் இருந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.