பாதியில் நிற்கும் வாக்கியங்கள்

சலூன்காரர் மகளுக்குப் பேச வராது என்று தெருவில் சொல்வார்கள். அது உண்மையில்லை. அவளுக்கு நன்றாகவே பேச வரும். பாதி வாக்கியம் வரைக்கும் வரும். மீதியை அப்பா சொல்லிவிடுவார்.

முடி வெட்ட வந்தவர் யாராவது, "என்னம்மா, எத்தனாவது படிக்கிற?" என்று கேட்டால், "நான் வந்து..." என்று தொடங்குவாள்.

"ஏழாவது. கணக்குல வகுப்புக்கே முதல். அவங்க டீச்சரே இவகிட்டதான் சரிபார்த்துக்கறாங்கன்னா பாத்துக்கோங்க" என்று கத்தரியை நிறுத்தாமல் அப்பா முடித்து வைப்பார். அவள் மூன்றாவதாக வந்திருப்பாள். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா வேறு கதைக்குப் போயிருப்பார்.

"பிள்ளைய ஒரு வார்த்தை பேச விடேம்ப்பா."

"அவ பங்கையும் என் பேருக்கே எழுதிக் குடுத்துட்டாண்ணே. நான் என்ன செய்ய?"

கடையே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். அண்ணன் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தான். அந்தப் பெயர் பள்ளிக்கூடம் வரை போய் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. அம்மா இறந்த பிறகு வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் இருந்துகொண்டே இருக்கட்டும் என்றுதான் அப்பா அப்படிப் பேசினார் என்று அவளுக்கு வளர்ந்த பிறகு தோன்றியது. அந்தச் சத்தத்தின் நிழலில் அவள் சொகுசாக இருந்துவிட்டாள்.

கல்லூரியில் நுண்ணுயிரியல் எடுத்தாள். முதுகலை முடித்ததும் அவளுக்குப் பாடம் எடுத்த மேடம் தன் ஆய்வகத்திலேயே உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். கண்ணாடித் தட்டுகளில் கூழ் ஊற்றுவது, அது உறையும் வரை மூடியைத் திறக்காமல் காத்திருப்பது, உப்புக் கிணற்றுச் சேற்றிலிருந்து எடுத்த பாக்டீரியாவை அதில் கோடு இழுத்து வளர்ப்பது. யாரோடும் பேச வேண்டாத வேலை. சோற்றுக்குப் போகக்கூட அவளை இரண்டு முறை கூப்பிட வேண்டும்.

"இதையே நீ முனைவர் பட்டத்துக்குச் செய்யலாம். விண்ணப்பம் போடு" என்றார் மேடம்.

போட்டாள். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். நேர்முகத்தில் தேறவில்லை. அடுத்த வருடமும் அதே கதைதான். எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுகிறவள், எதிரே நான்கு பேர் உட்கார்ந்தால் பாதி சொல்லி நிறுத்திவிடுவாள். மீதியை அவர்களில் யாராவது சொல்வார்கள். அவள் தலையாட்டுவாள்.

இரண்டாம் முறை அந்தக் குழுவில் மேடத்துக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவரிடம் பேசிவிட்டு வந்த மேடம் கைப்பையை மேசையில் போட்டார்.

"அவங்க உன்னை எங்க கேள்வி கேட்டாங்க? அவங்களே கேட்டு, அவங்களே பதில் சொல்லிக்கிட்டு, கடைசியில உனக்கு எதுவும் தெரியலன்னு எழுதிட்டுப் போயிருக்காங்க. நீ எதுக்குத் தலையாட்டின?"

"மரியாதையா இருக்கட்டும்னு..."

மேடம் மீதிக்காக அவள் முகத்தையே பார்த்தார். மீதி வரவில்லை.

மூன்றாவது வருடத்தை விட்டால் பிறகு இல்லை. மேடத்தின் ஆராய்ச்சித் திட்டம் அந்த வருடத்தோடு முடிகிறது. ஆய்வக வேலையும் அதோடு சரி. அண்ணன் தன் நண்பனின் மருந்துக்கடையில் அவளுக்கு ஓர் இடம் பேசி வைத்திருந்தான். கெட்ட வேலை இல்லை. ஆனால் அதில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டோம் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த வருடம்தான் அப்பாவின் தொண்டை கட்டியது. சளி என்றார்கள், பிறகு புண் என்றார்கள். கடைசியில் புற்று என்று பெரிய ஆஸ்பத்திரியில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இனி மூச்சு, கழுத்தில் போட்ட துளை வழியாக. குரல் கிடையாது. துளையின் மேல் எப்போதும் மெல்லிய துணி கட்டியிருக்க வேண்டும். தூசி போகக்கூடாது. முக்கியமாக முடி போகக்கூடாது என்றார் டாக்டர்.

"சலூன் வச்சிருக்கோம் டாக்டர்" என்றான் அண்ணன்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த சீட்டிலிருந்து நிமிர்ந்தார். "அப்ப கடைக்குள்ள வேண்டாம்" என்றார்.

கத்தரி அண்ணன் கைக்குப் போனது. வெட்டு நடக்கும் நேரத்தில் அப்பா உள்ளே வரக்கூடாது. காலையில் கடை திறப்பதற்கு முன்னால் அண்ணன் தரையைக் கூட்டி, ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்து, காற்றாடியை நிறுத்திவிட்டுக் கூப்பிடுவான். அப்பா வந்து, மற்றவர்களை உட்கார வைத்த நாற்காலியில் தான் உட்கார்ந்து, கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பார். கையில் ஒரு சீப்பு இருக்கும்.

ஒருநாள் அந்த நேரத்தில் அவள் போய்க் கண்ணாடியின் ஓரமாக நின்றாள். "அப்பா, நேர்முகத்துக்குச் சொல்லிப் பாக்கணும். கேக்கறீங்களா?" என்றாள். அப்பா தலையசைத்தார்.

"உப்பு கூடும்போது இந்த பாக்டீரியா..."

நிறுத்தினாள். பழக்கம்தான். அப்பாவின் வாயும் பழக்கத்தில் திறந்தது. உதடுகள் அசைந்தன. கழுத்துத் துணி மட்டும் ஒருமுறை உப்பி அடங்கியது. கண்ணாடிக்குள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பா சீப்பை எடுத்துக் கண்ணாடிப் பலகையில் தட்டினார். ஒரே ஒரு தட்டு. சொல்லு.

"...வளர்றத நிறுத்திடுது" என்றாள்.

அதன்பின் தினமும் காலையில் அது நடந்தது. அவள் நிற்கும் இடத்தில் எல்லாம் சீப்பு தட்டும். அப்பாவுக்குப் பாதி புரியாது. ஆனால் ஒரு வாக்கியம் முடிந்ததா இல்லையா என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? வாசலில் நின்று பார்த்த அண்ணன், "நல்ல கூத்துதான். பேசத் தெரிஞ்சவருக்குக் குரல் இல்ல, குரல் இருக்கறவளுக்குப் பேச வரல" என்றான். சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று அவனே துடைத்த தரையை மறுபடி துடைக்கப் போனான். அவளுக்கோ ஒவ்வொரு வாக்கியத்தை முடிக்கும்போதும் உள்ளே ஏதோ உறுத்தியது. அப்பாவின் தொண்டையிலிருந்து எடுத்ததை வைத்துக்கொண்டு தான் பேசுவது போல.

நேர்முகம் நடந்த அறையில் நீள மேசை ஒன்று, அதன் பின்னால் நான்கு பேர், சுவரில் வெள்ளைப் பலகை. நடுவில் இருந்த குறுந்தாடிக்காரர் அவளைப் பார்த்ததும் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். "பயப்படாதம்மா. உனக்குப் பிடிச்சத ஏதாவது சொல்லு" என்றார்.

"நான் உப்புக் கிணத்து சேத்துல இருந்து ஒரு பாக்டீரியா எடுத்து வளர்த்தேன் சார். அதுல உப்பு ஒரு அளவுக்கு மேல போனா, அது..."

"செத்துடும்" என்றார் குறுந்தாடிக்காரர், ஆர்வத்தோடு. "பின்ன? தண்ணிய எல்லாம் உப்பு இழுத்துடுமே. சரிதானே?"

அவர் கெடுதலாகச் சொல்லவில்லை. அவள் தடுமாறக்கூடாதே என்றுதான் சொன்னார். முகத்தில் அப்பாவின் அதே அவசரம், அதே அன்பு. அவள் தலை தானாக ஆடியது.

ஓரத்தில் இருந்த கண்ணாடி போட்ட அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "செத்துப்போச்சுன்னு எப்படிச் சொல்ற? என்ன ஆதாரம்?"

ஆதாரம் இல்லை. ஏனென்றால் அவை சாகவில்லை. போன வருடம், அதற்கு முந்தைய வருடம், இந்த இடத்தில்தான் அவள் தரையைப் பார்த்தாள். இப்போதும் பார்த்தாள். அந்த அறையில் சீப்பு இல்லை. தட்டுவதற்கு யாரும் இல்லை.

நிமிர்ந்தாள்.

"மன்னிக்கணும். செத்துடும்னு நான் சொல்ல வரல. சார் சொன்னாங்க, நான் தலையாட்டிட்டேன். தலையாட்டினது என் தப்பு."

குறுந்தாடிக்காரர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"அது வளர்றத நிறுத்திடுது. அவ்வளவுதான். உப்புத் தட்டுல ஒண்ணும் தெரியாது, பார்த்தா செத்த மாதிரிதான் இருக்கும். அதையே எடுத்து உப்பு கம்மியான தட்டுல போட்டா மறுபடி வளருது. நான் பல தடவை போட்டுப் பார்த்தேன்."

"எல்லாமே உயிரோட இருந்து வளர்ந்துதா? இல்ல, முக்காவாசி செத்து, மிஞ்சின கொஞ்சம் மட்டும் பெருகிடுச்சா?" என்றார் அம்மாள்.

அவள் இதை நினைத்துப் பார்த்ததே இல்லை. ஆனாலும் வாக்கியத்தை முடித்தாக வேண்டும்.

"தெரியாது மேடம். நான் எண்ணிப் பார்க்கல. உப்புல போடறதுக்கு முன்னாடி ஒரு துளி, எடுத்த பின்னாடி அதே அளவு ஒரு துளி, ரெண்டையும் தனித்தனித் தட்டுல பரப்பி, எத்தனை புள்ளி வருதுன்னு எண்ணியிருக்கணும். எண்ணிக்கை குறையலன்னாதான் நான் சொன்னது சரி. குறைஞ்சா சார் சொன்னதுலயும் பாதி உண்மை இருக்கு."

குறுந்தாடிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "பாதியாவது குடுத்தியே" என்றார். அம்மாள் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து எதையோ எழுதினார்.

முடிவு வந்த நாளில் அவள் ஆய்வகத்திலிருந்து நேராகக் கடைக்கு நடந்தாள். உள்ளே வெட்டு நடந்துகொண்டிருந்தது. அப்பா வெளியே, வாசலிலிருந்து தள்ளி ஸ்டூல் போட்டு, கழுத்துத் துணியைச் சரிசெய்தபடி உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தரியை நிறுத்தினான்.

"என்ன, இந்தத் தடவையும் இல்லையா? போகட்டும் விடு. மருந்துக்கடைக்காரன்கிட்ட நான்..."

அப்பா சீப்பால் ஸ்டூல் காலில் ஓங்கித் தட்டினார். அண்ணன் வாயை மூடிக்கொண்டான். நாற்காலியில் இருந்தவர் பாதி வெட்டிய தலையோடு திரும்பிப் பார்த்தார்.

"கிடைச்சிருச்சு" என்றாள். "அடுத்த மாசம் சேரணும். அஞ்சு வருஷம் ஆகும். அங்கயே விடுதியில தங்கணும். அப்பாவ விட்டுட்டு..."

அங்கே நின்றது. தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. அண்ணன் அவளைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். அவள் கண் நிறைந்துவிட்டது.

அப்பா காத்திருந்தார். பிறகு மெதுவாக, சத்தமே வராதபடி, ஒரு தட்டு தட்டினார்.

"...போகணும்" என்றாள்.

அப்பா தலையசைத்தார். சீப்பைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.