வளைந்த கம்பியும் சிவப்புத் தகடும்

அறுபதுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். அந்த வருடம் பள்ளியில் நடந்த கைவினைப் பொருட்காட்சிக்கு ஊர்க்காரர்களும் பொருட்கள் கொடுத்திருந்தார்கள். ஹாலில் எதை எங்கே வைப்பது என்பது என் பொறுப்பு.

திருவரங்குளத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். பஸ்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். அவர் கொண்டுவந்தது ஓர் இரும்புக் கம்பம். அதிலிருந்து ஏழெட்டுக் கம்பிகள் தொங்கின. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு நிறத்தில் தகரத் தகடு. காற்று வந்தால் எல்லாம் மெல்லச் சுற்றும்.

"இது எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"பஸ்ஸு ஷெட்டுல நிக்கிறப்ப ஒரு கலரு, ரோட்டுல ஓடுறப்ப வேற கலரு மாதிரி தெரியுது டீச்சர். அது ஏன்னு பார்க்கத்தான் செஞ்சேன். நாலு மாசம் லீவு நாளெல்லாம் இதுலயே போச்சு."

எனக்குச் சிரிப்புதான் வந்தது.

மறுநாள் காலை, நடுவர்கள் வரும் நேரம். பூத்தையல் மேசையை அந்தக் கம்பம் மறைக்கிறதே என்று, யாரையும் கூப்பிடாமல் நானே இழுத்தேன். கம்பம் சாய்ந்து தடாலென்று விழுந்தது. சிவப்புத் தகடு தொங்கிய கம்பி நன்றாக வளைந்துவிட்டது. பதறிப்போய்த் தூக்கி நிறுத்தினேன். நிமிர்ந்தால் வாசலில் அவர்.

"நாந்தாங்க கீழ போட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றேன். கம்பியை நிமிர்த்தக் கை நீட்டினேன்.

"இருங்க டீச்சர், தொடாதீங்க!"

கோபம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் பக்கமிருந்து காற்று வந்தது. மற்றத் தகடுகள் வட்டமாகச் சுற்ற, சிவப்பு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. இறங்கும்போதெல்லாம் அதன் மேல் வெயில் பட்டு, பக்கத்து வெள்ளைத் தகட்டில் இளஞ்சிவப்பாய் ஓர் ஒளி ஓடி மறைந்தது.

"பாத்தீங்களா! இப்புடி ஆடும்னு எனக்கே தெரியாதுங்க."

"நேராக்கிடலாம்ல?"

"நேராக்குனா பழையபடிதான சுத்தும்?"

தரையில் உட்கார்ந்துவிட்டார். நூலால் அளந்து, மற்றக் கம்பிகளையும் ஒவ்வொன்றாகக் கொஞ்சம் வளைத்துப் பார்த்தார். பச்சை முட்டிக்கொண்டது, அதைத் திரும்ப நிமிர்த்தினார். மஞ்சளுக்கு மட்டும் பத்துத் தடவையாவது மாற்றியிருப்பார். பிள்ளைகள் சுற்றி நின்று வாய் பிளந்து பார்த்தார்கள். நானும்தான். நடுவர்கள் வந்து, பூத்தையலுக்குப் பரிசு கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றுவரை தப்பான கணக்கைக் கண்டால் உடனே சிவப்பு மையால் அடித்துவிடுகிறவள் நான். அதற்குப் பிறகு, அந்தப் பிள்ளை எந்த வழியாகப் போய் அங்கே வந்தது என்று ஒரு நிமிடமாவது பார்க்காமல் என் பேனா நோட்டில் இறங்கியதே இல்லை.