தெளிப்பான் பாட்டிலோடு வந்தவர்

எங்கள் பீங்கான் கொட்டகைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் கேமராவோடு வருவார். முதலாளியின் நண்பர். டீ கிளாஸைக்கூட விரல்களால் சட்டம் கட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்த பிறகுதான் குடிப்பார். படம் எடுப்பது எப்படி என்று கேட்காதவர்களுக்கும் பாடம் சொல்வார்.

ஒருநாள் நான் மூக்கும் உதடும் சீவித் திருத்திய பன்னிரண்டு குழந்தைக் கிருஷ்ணர் பொம்மைகள் பலகையில் காய்ந்துகொண்டிருந்தன. மறுநாள் சூளைக்குப் போக வேண்டியவை. சுடாத மண், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்.

"பூவு மேல தண்ணி தெளிச்சு எடுத்தா எப்படி பளபளன்னு வருது! இதுக்கும் அதே ட்ரிக்தாம்மா" என்று பையிலிருந்து தெளிப்பான் பாட்டிலை எடுத்தார்.

"சார், அது வந்து..." என்றேன்.

"வெளிச்சத்த மறைக்காதீங்க. அப்படி ஓரமா நில்லுங்க."

முதலாளியின் நண்பராயிற்றே. ஓரமாக நின்றேன். அவர் தெளித்தார், குனிந்தார், மறுபடி தெளித்தார். மூக்குகள் வழிந்தன.

"என்னம்மா, கரையுது? முன்னாடியே சொல்லக் கூடாதா?"

அச்சில் மண்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அக்கா, "சொல்ல வந்தவங்களத்தான் ஓரங்கட்டிட்டீங்களே சார்!" என்றார்.

அது அவர் காதில் விழவில்லை. கரைந்த முகம் ஒன்றை நெருங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படம் இப்போது முதலாளி அறையில் தொங்குகிறது. நிஜக் குழந்தை அழுவது போலவே இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். இத்தனை வருடம் சீவியும் எனக்கு அப்படி ஒரு முகம் வந்ததில்லை. மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாத அந்த ஆளுக்கு எப்படி வந்தது?